பார்த்துட்டேன் சார், சரி

தினமும் ஒன்பதரைக்குள் வந்துவிடுகிற பதில், அன்று வெயில் ஏறி மலையின் பனி முழுக்க விலகிய பிறகும் வரவில்லை.

தீனதயாளன் மெயிலைத் திறந்தான். மூடினான். கொஞ்ச நேரம் கைகள் இரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தான். மறுபடியும் திறந்தான்.

"இன்னா சார், இன்னும் வர்லியா?" என்று கேட்டபடி இருசம்மாள் விளக்குமாற்றோடு உள்ளே வந்தாள்.

"எது வர்லியா?"

"அதான், கீழ கீற அந்தப் பொண்ணு லெட்டரு. அது வந்தாத்தான நீ டீ குடிக்கவே எந்திரிப்ப? இன்னிக்கு டீ ஏடு கட்டிக்கினு கெடக்குது."

"அது ஆபீஸ் மெயிலு, இருசம்மாக்கா."

"நான் இன்னா, கல்யாணப் பத்திரிகைன்னா சொன்னேன்? கால தூக்கு, பெருக்கணும்."

அவன் காலைத் தூக்கிக்கொண்டான்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போகிற சாலையில், ஓர் அறக்கட்டளை நடத்துகிற சின்ன மருத்துவமனை அது. மருத்துவமனை என்று பலகை இருந்ததே தவிர, மொத்தம் நாலே அறைதான். டாக்டர் திரையில் மட்டும் வருவார். நர்ஸ் விடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிடுவாள். பிறகு அந்தக் கட்டடத்தில் இருப்பது சமைக்கவும் பெருக்கவும் இருசம்மாள், கடைசி அறையில் தீனதயாளன், அவனுக்குப் பக்கத்தில் 'உம்'மென்று இரைந்துகொண்டே இருக்கும் ஒரு சர்வர்.

சுற்றுப்பட்ட மலையூர்களில் யாருக்கு என்ன மருந்து, எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி போட்டாயிற்று, எந்தக் கர்ப்பிணிக்கு எப்போது நாள், எல்லாம் அந்த சர்வருக்குள் இருந்தன. கீழே இறங்குகிற நெட் லைன் மழைக்கும் காற்றுக்கும் அறுந்து அறுந்து போகும் என்பதால் அதை மேலேயே வைத்துவிட்டார்கள். அதைக் காவல் காக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. குடும்பம் குட்டி உள்ளவர்கள் யாரும் வர மாட்டேன் என்றார்கள். நைனார்பாளையத்துத் தீனதயாளன் வந்தான். முப்பத்தெட்டு வயது. பார்த்த பெண்கள் எதுவும் கூடி வரவில்லை. அண்ணன் வீடு ஒன்று இருக்கிறது. போனால், ஒரு தட்டு கூடுதலாகக் கழுவ வேண்டியிருக்கிறதே என்பதை அண்ணி வாயால் சொல்ல மாட்டாள், தட்டை வைக்கிற சத்தத்தில் சொல்லிவிடுவாள். அதனால் அவன் லீவு எடுப்பதையே விட்டுவிட்டான்.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவது இல்லை. சர்வருக்குள் இருக்கும் முக்கியமான ஃபைல் ஒவ்வொன்றுக்கும் மனிதனுக்குக் கைரேகை மாதிரி ஓர் அடையாளம் எடுத்து வைத்திருப்பார்கள். ஒரே ஓர் எழுத்து மாறினாலும் ரேகை மாறிவிடும். விடிகாலையில் ஒரு காவல் ப்ரோக்ராம் எல்லா ரேகைகளையும் ஒத்துப் பார்க்கும். எங்கேயாவது மாறியிருந்தால் வார்னிங் கொடுக்கும். யாராவது திருட்டுத்தனமாக நுழைந்து கைவைத்திருக்கலாம், அல்லது நாமே புதிதாக ஒரு பேக்கேஜை, அதாவது ப்ரோக்ராம் மூட்டையை, இன்ஸ்டால் செய்ததால் மாறியிருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பதுதான் தீனதயாளன் பிழைப்பு.

அதிலும் ஒரு விதி உண்டு. இன்ஸ்டால் செய்தவனே, மாறினது சரிதான் என்று முத்திரை குத்தக் கூடாது. மேலே இருப்பவன் ஒவ்வொரு வார்னிங்குக்கும் காரணம் எழுதி அனுப்ப வேண்டும். அறக்கட்டளைக்காக சர்வரைப் பராமரிக்கிற கம்பெனியின் கள்ளக்குறிச்சி ஆபீசில் இருப்பவர் படித்துப் பார்த்து 'சரி' போட வேண்டும். போட்டால்தான் புதிய ரேகை பதிவாகும், வார்னிங் அடங்கும். ஒருவர் கண்ணில் தப்பியது இன்னொருவர் கண்ணில் படட்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது.

கீழே இருந்து சரி போடுகிறவள் மலர்விழி. அவன் அவளைப் பார்த்ததில்லை. போனில்கூடப் பேசியதில்லை. மெயில்தான். 'பார்த்துட்டேன் சார், சரி' என்று எழுதுவாள். அதோடு நிறுத்த மாட்டாள். கீழே ஒரு வரி இருக்கும். 'சாப்டீங்களா சார்?' மழைக்காலமானால், 'மழை விட்டுச்சா சார்?' ஞாயிற்றுக்கிழமையானால், 'உங்களுக்கு லீவே இல்லையா சார்?'

அந்த ஒரு வரிக்கு தீனதயாளன் பத்து வரி எழுதுவான். சாமைச் சோறு, இருசம்மாள் வைத்த கீரை, உப்பு கம்மி. நேற்றுக் கரடி ஒன்று பலா மரம் வரைக்கும் வந்துவிட்டுப் போனது. நர்ஸ் ஸ்கூட்டி பஞ்சர். எழுதி அனுப்பிவிட்டு எழுந்து போய் டீ குடிப்பான். அன்றைய பேச்சு அதோடு முடிந்தது. மிச்ச நேரமெல்லாம் சர்வர் இரையும், அவன் கேட்டுக்கொண்டிருப்பான்.

அப்படிப்பட்ட பதில்தான் இன்றைக்கு வரவில்லை.

தப்பு தன் பேரில்தான் இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. முந்தின நாள் மத்தியானம்தான் அவன் சர்வரில் புது பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்தான். அவனுக்கும் மலர்விழிக்கும் நடுவில் போகிற மெயிலும் அந்த சர்வரில்தான் இருந்தது; போட்டதில் மெயில் சம்பந்தப்பட்டதும் ஒன்று. பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. பேட்டரி 'கீங் கீங்' என்று கத்த ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. 'இங்கே ஏற்கெனவே ஒரு செட்டிங்ஸ் ஃபைல் இருக்கிறது. அதை அப்படியே விடவா, என்னோடு வந்த புதிய ஃபைலைப் போடவா?' நிதானமாக இருந்திருந்தால் பழையதையே வைத்துக்கொள் என்றிருப்பான். பேட்டரி கத்துகிற கத்தலில் பதற்றமாகி, புதியதைப் போடு என்று தட்டிவிட்டான்.

இன்று காலை வார்னிங் வரிசை கட்டி நின்றது. அவன் பதறவில்லை. பேக்கேஜ் ஒவ்வொன்றும் தன் ஃபைல்களின் ரேகையைத் தன்னோடே கொண்டு வரும். அதோடு ஒத்துப் பார்த்தான். எல்லாம் பொருந்தின. அந்த செட்டிங்ஸ் ஃபைல்கூடப் பேக்கேஜோடு வந்ததுதான். 'பேக்கேஜ் போட்டதால் மாறியது. பிரச்சினை இல்லை' என்று வழக்கமான காரணத்தை எழுதி மலர்விழிக்கு அனுப்பினான். அனுப்பியது போய்ச் சேர்ந்திருக்கிறது. பதில் மட்டும் இல்லை.

"மெயில நான்தான் கெடுத்துட்டேன் போல" என்றான் தனக்குத்தானே.

"இன்னாது?" என்றாள் இருசம்மாள் வாசலிலிருந்து.

"ஒன்னும் இல்லக்கா."

பேக்கேஜ் ஒரு நல்ல காரியம் செய்திருந்தது. பழைய செட்டிங்ஸ் ஃபைலைத் தூக்கிப் போடாமல், பேரின் வாலில் 'ஓல்ட்' என்று ஒட்டி ஓரமாக வைத்திருந்தது. தீனதயாளன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரி காணாமல் போயிருக்கிறது என்று பார்த்தான். ஒரே ஒரு வரிதான். அந்த வரி சொன்னது இவ்வளவுதான்: 'மலர்விழிக்கு வார்னிங் பற்றி எந்த மெயில் வந்தாலும் அதை இந்த ப்ரோக்ராமிடம் கொடு.'

எந்த ப்ரோக்ராம்?

அது இருக்கும் இடத்துக்குப் போனான். மலர்விழியின் பெயரில் சர்வரில் இருந்த தனி இடம் அது. காவல் ப்ரோக்ராம் அங்கெல்லாம் எட்டிப் பார்க்காது. உள்ளே சின்னதாக ஒரு ஃபைல். திறந்தான்.

'பார்த்துட்டேன் சார், சரி.' அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

அதன் கீழே, வந்த வார்னிங்குகளுக்கெல்லாம் சரி போடு, புதிய ரேகையைப் பதிவு செய் என்று உத்தரவு. அதற்கும் கீழே, உடனே பதில் அனுப்பாதே, கொஞ்ச நேரம் காத்திரு, ஒரு நாளைக்கு இருந்த மாதிரி இன்னொரு நாளைக்கு இருக்க வேண்டாம் என்று ஓர் உத்தரவு. மனுஷி ஒருத்தி டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து படிக்கிற நேரம். பிறகு கேள்விகள். ஐப்பசி, கார்த்திகையானால் 'மழை விட்டுச்சா சார்?' மார்கழி, தையானால் 'குளிர் ஜாஸ்தியா சார்?' ஞாயிறானால் 'உங்களுக்கு லீவே இல்லையா சார்?' மற்ற நாளெல்லாம் 'சாப்டீங்களா சார்?' அல்லது 'கரண்ட் இருக்கா சார்?' எது கைக்கு வருகிறதோ அது.

தீனதயாளன் அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தான். ஒவ்வொன்றையும் தான் எந்தெந்த நாளில் படித்தோம் என்பதுகூட அவனுக்கு ஞாபகம் வந்தது. எழுதப்பட்ட தேதியைப் பார்த்தான். ஆடி மாதம். இப்போது தை.

இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போயிற்று? ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்ததே? வந்ததுதான். ஆனால் 'சாப்டீங்களா' என்று தினமும் கேட்பதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அவன் அம்மா சாகிற வரைக்கும் அதை மட்டும்தான் கேட்டாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவன் கேட்கிறான். நம் ஆட்கள் அத்தனை பேரும் தினம் தினம் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது அதைத்தானே? வேறு எதையாவது கேட்டிருந்தால்தான் அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான்.

பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே மலர்விழியின் மெயில் பெட்டியைப் பார்த்தான். சர்வரைக் காக்கிறவனுக்கு அது திறக்கும். சாமைச் சோறு, கீரை, கரடி, பஞ்சரான ஸ்கூட்டி, எல்லாம் வரிசையாகக் கிடந்தன. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை.

மருத்துவமனைக்குள் செல்போன் எடுக்காது. வெளியே பலா மரத்தின் கீழ்க்கிளைக்கு மட்டும் டவர் கிடைக்கும். அதனால் எல்லோருடைய போனும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையில் அந்தக் கிளையில் தொங்கும். தீனதயாளன் போய்த் தன் பையை அவிழ்த்தான். கள்ளக்குறிச்சி ஆபீசுக்குப் போட்டான்.

எடுத்தவன் பெயர் வெற்றிவேல். ஆபீசில் எல்லா வேலையும் அவன் தலையில்தான் விடியும் என்று பெயரெடுத்தவன்.

"யாரு, மலை சாருங்களா? சொல்லுங்க சார். சீக்கிரம், பிரிண்டர் மாட்டிக்கினு நிக்குது."

"மலர்விழி மேடம் கிட்ட பேசணும்."

"மலர்விழியா? அவங்க ஆடியிலயே நின்னுட்டாங்களே சார்! உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

"இல்ல. அப்ப என் வார்னிங் எல்லாம் யாரு பாக்கறது?"

"அதுவா? அது பச்சையா இருக்கு சார்."

"எது பச்சையா இருக்கு?"

"செவுத்துல டிவி மாட்டியிருக்கோம்ல? கீழ உளுந்தூர்பேட்டை, சின்னசேலம் எல்லாம் அப்பப்ப செவப்பாவும். மலை மட்டும் ஆறு மாசமா பச்சை. நேத்துக்கூட நம்ம எம்.டி. சொன்னாரு, மலைல கீற ஆளு தங்கம், ஒரு தொந்தரவு கெடையாதுன்னு. ஆங்... இப்பப் பாத்தா மஞ்சளா கீதே சார்? இன்னா பண்ணீங்க?"

தீனதயாளன் நடந்ததைச் சொன்னான்.

"சார்" என்றான் வெற்றிவேல், குரலை இறக்கி. "இத மேல சொல்லிக்கினு இருக்காதீங்க. ஆறு மாசமா ரெண்டாவது ஆளே இல்லன்னு டிரஸ்ட்டுக்குத் தெரிஞ்சா, பொட்டிய மலைல வெச்சதே தப்புன்னு கீழ தூக்கிக்கினு வந்துடுவாங்க. அப்புறம் உங்களுக்கு அங்க இன்னா வேலை? அந்த லைன திரும்பப் போட்டுடுங்க. பச்சையாயிடும். நீங்களும் நிம்மதி, நானும் நிம்மதி."

"மேடம் நம்பர் இருக்கா?"

"தரேன். ஆனா அவங்களத் திட்டாதீங்க சார், பாவம்."

திட்டவா? அவளைக் கூப்பிடுவது திட்டுவதற்கு இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. எதற்கு என்பதுதான் தெரியவில்லை.

மலர்விழி பஸ்ஸில் இருந்தாள். ஹாரனும் பாட்டுமாக இரைச்சல்.

"யாருங்க?"

"தீனதயாளன்."

"எந்த தீனதயாளன்?"

"மலை... சர்வரு..." என்றான்.

"ஐயோ, மலை சாரா! நல்லாருக்கீங்களா சார்? உங்க குரல் இப்டித்தான் இருக்குமா? நான் வயசானவர்னு நெனச்சிக்கினு இருந்தேன்." நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். அவள் குரல் அவன் நினைத்ததைவிடக் கட்டையாக இருந்தது. ப்ரோக்ராமைப் பற்றிச் சொன்னதும் சிரித்தே விட்டாள். "அது இன்னும் ஓடுதா? அப்பாவுக்கு ஆபரேஷன்னு ஒரு வாரம் லீவு போட்டேன் சார். ஆபீஸ்ல வேற ஆளு போடல. நீங்களோ, பதில் வர்லன்னா அரை மணிக்கு ஒரு தபா மெயில் போடுவீங்க. மலைல தனியா காத்துக்கினு இருப்பீங்களேன்னு பாவமா இருந்துச்சு. அதான் போட்டுட்டுப் போனேன். அப்புறம் இங்க ஸ்கூல்ல வேலை கெடச்சிது, திரும்பி வரவே இல்ல. எடுக்க மறந்துட்டேன் சார். தப்புதான்."

"கேள்வியெல்லாம் போட்டிருந்தீங்களே."

"வெறும் சரின்னு வந்தா மெஷின் மாதிரி இருக்குமேன்னுதான்..."

"அதுக்கெல்லாம் நான் பதில் எழுதினேன்."

"எதுக்கு சார்?"

"சாப்டீங்களான்னு கேட்டதுக்கு."

பஸ் இரைந்தது. கண்டக்டர் 'திருநாவலூர், திருநாவலூர் எறங்கு' என்று கத்துவது தெளிவாகக் கேட்டது.

"இன்னா எழுதுனீங்க சார்?" என்றாள் மலர்விழி. அவள் குரலில் இருந்த சிரிப்பு போய்விட்டிருந்தது.

"சாப்டேன்னுதான்."

"சார்..."

"ஆடிக்கு முன்னாடி வந்ததெல்லாம் நீங்கதான?"

"நான்தான் சார். சத்தியமா நான்தான்." கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண். "இன்னா எழுதினேன்னுதான் ஞாபகம் இல்ல. சார், ஸ்டாப்பிங் வந்துடுச்சு, பைய எடுக்கணும். வெக்கட்டுமா?"

"வெய்ங்க."

போனைப் பையில் போட்டு முடிச்சிட்டுக் கிளையில் மாட்டினான். உள்ளே வந்து சர்வருக்கு முன்னால் உட்கார்ந்தான். அதே இரைச்சல்.

வெற்றிவேல் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. ஒரே ஒரு வரி. திரும்பப் போட்டால் எல்லாம் நேற்றுப் போலாகிவிடும். சர்வரும் இங்கேயே இருக்கும், அவனும் இங்கேயே இருப்பான். இந்த அறையை விட்டால் அவனுக்கு நைனார்பாளையத்தில் அண்ணி வைக்கிற தட்டுதான்.

போட்டான். காலை அனுப்பிய காரணத்தையே மறுபடியும் அனுப்பினான்.

பிறகு காத்திருந்தான். யார் பதில் போடப் போகிறார்கள் என்று தெரியும். அது உள்ளே எதை எண்ணிக்கொண்டிருக்கிறது என்றுகூடத் தெரியும். இருந்தும் வாசல் பக்கம் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தான். இருசம்மாள் ஆறிய டீயை எடுத்துக்கொண்டு போய்ச் சூடு பண்ணிக் கொண்டு வந்து வைத்தாள். அவன் அதையும் தொடவில்லை.

வந்தது.

'பார்த்துட்டேன் சார், சரி. குளிர் ஜாஸ்தியா சார்?'

வார்னிங் எல்லாம் மறைந்தன. தீனதயாளனின் கை தானாகக் கீபோர்டுக்குப் போயிற்று. 'ஜாஸ்திதான். விடிகாலைல தண்ணி தொட முடியல' என்று எழுதினான். எழுதிவிட்டு அதையே பார்த்தான்.

வெட்கமாக இருந்தது. அறையில் யாரும் இல்லை, ஆனாலும் காது சுட்டது. எழுதினதை ஓரோர் எழுத்தாக அழித்தான். பிறகு அந்த வரியை செட்டிங்ஸிலிருந்து எடுத்தான். ப்ரோக்ராமை ஓடவிடாமல் நிறுத்தினான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஆறு மாதமாக எந்தக் கண்ணும் பார்க்காமல் பதிந்த ரேகைகளை எப்படி நம்புவது? ஆடியில் மலர்விழி தன் கையால் சரி போட்ட கடைசிப் பதிவு இன்னும் இருந்தது. அதை எடுத்து வைத்து, இன்றைய சர்வரை அதோடு ஒத்துப் பார்க்கச் சொன்னான்.

வார்னிங் கொட்டியது. அடை மழையில் ஓடையில் தண்ணீர் வருகிற மாதிரி நிற்காமல் வந்தது. ஆறு மாதத்தில் போட்ட ஒவ்வொரு பேக்கேஜும், மாறிய ஒவ்வொரு ஃபைலும்.

"சார்!" என்று வெளியிலிருந்து இருசம்மாள் அலறினாள். "ஓடியா! உன் பை கத்துது!"

வெற்றிவேல்தான்.

"சார், இன்னா சார் இது! டிவி ஃபுல்லா செவப்பு! எம்.டி. ரூம்லேருந்து எந்திரிச்சி வந்து பாக்கறாரு! எவனோ பூந்துட்டானான்னு கேக்கறாரு!"

"யாரும் பூரல. ஆடியிலேருந்து யாரும் பாக்கல, அதான். எல்லாத்துக்கும் காரணம் எழுதி அனுப்பறேன். யாராவது ஒரு ஆளு படிச்சி சரி போடணும்."

"யாரு சார் படிக்கறது? இங்க நான் ஒருத்தன்தான் கீறேன்!"

"அப்ப நீங்க படிங்க."

"நான் சொன்னத நீங்க கேக்கவே இல்ல பாத்தீங்களா? தூக்கிக்கினு வந்துடுவாங்க சார் பொட்டிய!"

"வரட்டும்" என்றான் தீனதயாளன். சொல்லிவிட்டு மரத்தைப் பிடித்துக்கொண்டான்.

வெற்றிவேல் ஏதோ முணுமுணுத்தான். காதில் விழுந்த வரைக்கும் நல்ல வார்த்தை இல்லை. போனை வைத்துவிட்டான்.

"யாரு சார், அந்தப் பொண்ணா?" என்றாள் இருசம்மாள், முறத்தில் சாமையைப் புடைத்துக்கொண்டே.

"இல்லக்கா. வேற ஒரு ஆளு. திட்றாரு."

"எதுக்கு?"

"வேலை வெச்சிட்டேன்னு."

"திட்டட்டும். வேலை வெச்சா நானுந்தான் உன்னத் திட்றேன். நீ எங்க காதுல வாங்குற?"

அன்று முழுக்க உட்கார்ந்து காரணம் எழுதினான். பேக்கேஜ் பேக்கேஜாகப் பிரித்தான், ரேகையை ஒத்துப் பார்த்தான். செட்டிங்ஸ் ஃபைல்கள் மட்டும் அப்படி ஒத்துப் பார்க்க வழியில்லாதவை, ஆட்கள் கைவைக்கிறவை. அவற்றுக்கு ஏற்கெனவே அந்தந்த நாளில் தான் எழுதிய காரணத்தை எடுத்து ஒட்டினான். எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம். 'பேக்கேஜ் போட்டதால் மாறியது. பிரச்சினை இல்லை.' முதல் பக்கத்தில், ஆடியிலிருந்து நடந்தது என்ன என்பதையும் மறைக்காமல் எழுதி, டிரஸ்டுக்கும் ஒரு பிரதி போட்டு அனுப்பினான்.

மறுநாள் காலையில் பதில் வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. பழக்க தோஷத்தில் மெயிலைத் திறந்தான். வந்திருந்தது. வெற்றிவேலிடமிருந்து.

'டிரஸ்ட் மீட்டிங்கில் முடிவு செய்வார்கள். அதுவரை தினமும் நான் பார்க்க வேண்டுமாம். முதல் ரெண்டு சரி. மூணாவது சரியில்லை. பேக்கேஜ் போட்டதால் என்று எழுதியிருக்கிறீர்கள். அது மாறிய ஐப்பசி வாரம் முழுக்க நீங்கள் பேக்கேஜே போடவில்லை. பிறகு எப்படி மாறும்? பார்த்துச் சொல்லவும்.'

அவ்வளவுதான். கீழே ஒன்றும் இல்லை.

தீனதயாளன் இரண்டு தடவை படித்தான். பிறகு அந்த மூன்றாவது ஃபைலைத் திறந்தான். சர்வரில் இருப்பதையெல்லாம் ஒவ்வொரு நாளும் கள்ளக்குறிச்சிக்கு ஒரு நகல் அனுப்புகிற ஏற்பாட்டின் செட்டிங்ஸ் அது. ஐப்பசி மழையில் லைன் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தபோது, நகல் பாதியில் அறுந்து தொல்லை கொடுக்கிறதே என்று அவனே அதை நிறுத்தி வைத்திருந்தான். இரண்டு நாளில் திரும்ப ஓடவிடலாம் என்று நினைத்தவன், ஓடவிடவே இல்லை. மறுநாள் வார்னிங் வந்தபோது ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காமல் வழக்கமான வாக்கியத்தைத் தட்டி அனுப்பியிருக்கிறான். அனுப்பிவிட்டு, மழை விட்டுச்சா சார் என்ற கேள்விக்கு நீளமாகப் பதில் எழுதியிருக்கிறான்.

ஐப்பசியிலிருந்து ஒரு நகல்கூடக் கீழே போகவில்லை. நேற்று முன்தினம் கரண்ட் போனபோது பேட்டரியும் கைவிட்டு சர்வர் கெட்டுப்போயிருந்தால், இந்த மலையில் எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி போட்டது என்று சொல்ல ஒரு நாதி இருந்திருக்காது.

நகலை ஓடவிட்டான். மூன்று மாதத்துச் சுமை. மெள்ள மெள்ளக் கீழே இறங்க ஆரம்பித்தது. அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வெற்றிவேலுக்கு எழுதினான். 'நீங்கள் சொன்னது சரி. பேக்கேஜால் மாறவில்லை. நான்தான் மாற்றினேன். மாற்றியதை மறந்து தப்பான காரணம் எழுதிவிட்டேன். இப்போது சரிசெய்து ஓடுகிறது. நகல் முழுசாக வந்து சேர்ந்ததா என்று நீங்கள் அங்கே பார்த்துச் சொல்ல வேண்டும்.' இதனால் டிரஸ்ட் மீட்டிங்கில் தன் பக்கம் பேச ஆள் இருக்காது என்று தெரிந்தேதான் எழுதினான். முடித்த பிறகு, பழக்கத்தில், கீழே இன்னொரு வரி எழுதக் கை போயிற்று. குளிரைப் பற்றி. எழுதவில்லை. அனுப்பினான்.

"இன்னா சார், இன்னிக்கு வந்துச்சா?" என்றாள் இருசம்மாள், டீயை வைத்துக்கொண்டே.

"வந்துச்சுக்கா."

"இன்னான்னு?"

"மூணாவது தப்புன்னு."

"அட!" என்றாள். "மத்ததெல்லாம் ரைட்டா?"

"இன்னும் பாக்கல. ஒன்னொன்னாப் பாப்பாரு."

அவள் போய்விட்டாள். நகல் இறங்கிக்கொண்டிருந்தது. தீனதயாளன் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு, வெற்றிவேல் கேட்பதற்கு முன்னால் தானே பார்த்துவிடலாம் என்று நாலாவது ஃபைலைத் திறந்தான்.